லைட் வராதபடி

மார்ச் 11, செவ்வாய்

காலை பத்து மணிக்குள் மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வி. "அண்ணா, மைலேஜ் கூட்டிக் குடுக்க முடியுங்களா?" மெதுவாகப் போனால் தானாகக் கூடும் என்றேன். மூன்று பேருக்கும் கோபம்.

எண்ணெய்க் கம்பெனி கொடுத்த டைரி இது, நாளுக்கு ஒரு பக்கம். அன்றன்றைக்குச் செய்த வேலையை எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து வந்து, 'நீங்க தொட்டதுக்கப்புறந்தான் இப்பிடி' என்பார்கள். அந்த வாயை அடைக்கத்தான் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் நிகிலனின் சிவப்பு வண்டி திரும்ப வந்தது. ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். அதற்குள் இறங்கி உட்காருவதற்குள் என் இடுப்பு கழன்றுவிடுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் வயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தேன். போன வாரம் சொன்னதையேதான் இன்ஜின் கம்ப்யூட்டர் இன்றைக்கும் சொன்னது: ஆக்ஸிலரேட்டர் பெடல் கோளாறு. பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு. கால் எவ்வளவு மிதித்திருக்கிறது என்று இரண்டும் தனித்தனியாக ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் மஞ்சள் லைட் எரியும், வண்டி நாற்பதுக்கு மேல் போகாது.

"ஞாயித்துக்கெழமை எங்க கல்யாண நாளுங்ணா. கோகிலாவை ஓட்டச் சொல்லிக் கோத்தகிரி போறோம். நாப்பதுல போனா டவுன் பஸ்ஸுக்காரன்கூட ஹாரன் அடிப்பான். அந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க" என்றான்.

"புதுப் பெடல் வரட்டும் சாமி, மூணே வாரம்."

"வந்தோன்ன மாத்திக்கலாங்ணா. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

உங்களுக்குத் தெரியாததா என்று எவன் கேட்டாலும் நான் விழுந்துவிடுவேன். அது என் வியாதி. லைட் வராதபடி கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தேன். பெடலுக்கு ஆர்டர் போட்டாயிற்று. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பையன், மில் முதலாளி மகன் என்ற தோரணையே கிடையாது.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஒரு ஹெட்லைட், ஒரு ஹாரன்.

மார்ச் 16, ஞாயிறு

கடை லீவு. வீட்டில் ரேணுகா நாட்டுக்கோழி எடுத்திருந்தாள். சாப்பிட்டுப் படுத்திருந்தபோது நாலு மணிக்கு ஸ்பேர் கடை செல்லமுத்து போன் செய்தான். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், மலை ஏறுவதற்கு முந்தின நேர் ரோட்டில் சிவப்பு வண்டி புளியமரத்தில் மோதியிருக்கிறது. ஓட்டியது மனைவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிகிலன் அங்கேயே போய்விட்டான். அந்தப் பெண்ணுக்குக் கழுத்துப்பட்டை எலும்பும் இடது கையும் முறிந்திருக்கிறது.

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

காளப்பட்டியில் நிகிலன் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கக் கார். அவன் அப்பா அர்த்தனாரி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது மனிதர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வண்டி நல்லாத்தான இருந்துச்சு மருதாசலம்?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு."

சாவு வீட்டில் வேறு என்ன சொல்வது.

மார்ச் 19, புதன்

கியர் ஆயில் ஒன்று. ஒரு வேனுக்கு வைப்பர் மோட்டார். வேன்காரன் விலைக்கு நியாயம் பேசிக்கொண்டே நின்றான், ஏதோ என் மாமனார் வீட்டிலிருந்து சும்மா வந்த மோட்டாரை மாட்டிவிட்ட மாதிரி.

லைட்டுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை. லைட் என்பது வெறும் லைட். புதிதாக ஓட்டுகிறவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது தினம் நடக்கிறது. இந்தக் கடைக்கு முன்னாலேயே இரண்டு முறை நடந்திருக்கிறது.

சாம்பாரில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டேன். ரேணுகா சாப்பிட்டுப் பார்த்து, "இருக்குதுங்களே" என்றாள்.

மார்ச் 22, சனி

இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்துவிட்டார். மரியாதையான மனிதர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டதற்கு நன்றி சொன்னார். வண்டியைச் சோதித்த வாகன ஆய்வாளர், பிரேக் சரி, டயர் சரி, இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் தெரிந்தவரை வைத்துப் பார்க்கவும் என்று எழுதிவிட்டாராம்.

"அந்தப் பொண்ணு காலை எடுத்துட்டேன், வண்டி தானாப் போச்சுங்குது. மாமனார் வீட்டுல பொய்யிங்கறாங்க. பெரியவரே உங்க பேரைத்தான் சொன்னார். அந்த வண்டிக்கு வயர் ஊர்லயே உங்ககிட்டத்தான் இருக்காமே."

"வேற ஆளைப் பாத்துக்கலாங்களே சார்" என்றேன்.

"ஏன், உங்களுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. வேலை இருக்குது."

"அரை மணி நேர வேலைங்க" என்று சிரித்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

வண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. முன்பக்கம் பாதிதான் இருக்கிறது. இடது பக்கத்தை நான் பார்க்கவில்லை. பாட்டரி நொறுங்கிப்போனதால் கடையிலிருந்து ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரைவர் கதவு திறந்தது. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் செருப்பு, வலது கால் செருப்பு, வார் அறாமல் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் வயரைச் செருகினேன்.

கூட நின்ற ஏட்டு குனிந்து பார்த்தார். "என்னங்க காட்டுது?"

"ஒரு குறையும் பதிவாகலீங்க."

"அப்ப வண்டி மேல தப்பில்ல."

"பதிவாகலீங்க" என்று மறுபடி சொன்னேன். பதிவாகவில்லை என்பது சத்தியமான உண்மை. உலகத்தில் எந்த மெக்கானிக் வந்து வயரைச் செருகினாலும் இதையேதான் பார்ப்பான்.

வேறொன்று பார்த்தேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 25, செவ்வாய்

ரிப்போர்ட் கொடுத்தேன். இரண்டே வரி, கையெழுத்து, கடை முத்திரை.

மார்ச் 26, புதன்

லேப்டாப்பில் இடம் பற்றவில்லை. பழைய வண்டிகளின் ஃபைல்கள் கொஞ்சம் அழித்தேன். ஒரு ஏசி வயர்.

ஏப்ரல் 2, புதன்

நான் ஸ்பேர் வாங்கப் போயிருந்தபோது கூரியர் வந்திருக்கிறது. சாப்பாடு கொண்டுவந்த ரேணுகா கையெழுத்துப் போட்டு வாங்கி மேசை மேல் வைத்திருந்தாள். ஜப்பான் எழுத்து போட்ட அட்டைப் பெட்டி. பெடல்.

"இது யாருதுங்க?"

"ஒரு வண்டியோடது."

"எந்த வண்டி?"

சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். அவள் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஆர்டர் போட்ட தேதியும் நிகிலன் பெயரும் அதில் இருந்தன. படித்து முடித்து, ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். இருபது வருடத்தில் அவள் ஒன்றும் கேட்காமல் போன நாள் இது ஒன்றுதான். பெட்டியைப் பரண் மேல் போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

அர்த்தனாரி வந்தார். காரை விட்டு இறங்கவே சிரமப்படுகிறார். உள்ளே வந்து, லேப்டாப்பை வைக்கும் மேசையைத் தொட்டுப் பார்த்தார். "இதுலதான் பாத்தியா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"வண்டியைத் திருப்பிக் கேட்டு கோர்ட்டுல ஆர்டர் வாங்கியாச்சு. கண்ணுல படாம ஒடைச்சுப் போடச் சொல்லிட்டேன். தப்புப் பண்ணறது மனுஷனுக்குச் சகஜந்தான் மருதாசலம். பண்ணிப்புட்டு, வண்டி தானாப் போச்சுன்னு சொல்றா பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒத்துக்கிட்டா நான் கேஸுகூட வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவளும் எம் பொண்ணு மாதிரித்தான இருந்தா."

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தார், கடையில் வேறு ஆள் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணே வந்துவிட்டது. பொள்ளாச்சி அம்மா வீட்டிலிருந்து தனியாகப் பஸ்ஸில். இடது கையைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். முதலில் தெரிந்தது இரண்டு புதுச் செருப்புதான்.

"அண்ணா, நானு கோகிலவாணிங்க. நிகிலனோட சம்சாரம்."

"தெரியுது அம்மிணி. உக்காரு."

"நான் சண்டைக்கு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நான் காலை எடுத்தனுங்க. எடுத்து பிரேக்கைத்தான் மிதிச்சேன். வண்டி இழுத்துட்டே போகுது. அவரு, காலை எடு காலை எடுன்னு கத்தறாரு. எடுத்துட்டேன்னு நானும் கத்தறேன். அவரு நம்பலீங்க. கடைசியா என்னைப் பாத்தது அப்பிடித்தானுங்க, இவ சொல்பேச்சு கேக்கலையேன்னு."

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கையில் ஒரு அழுக்கும் பாக்கி இல்லை.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுங்களா?"

"சொல்லாது அம்மிணி."

"பதட்டத்துல மாத்தி மிதிச்சிருப்பீங்கன்னு எங்க வக்கீலே சொல்றாரு. மிதிச்சவங்களுக்கே தெரியாதாமா. அப்பிடி இருக்குங்களா?"

"இருக்கலாம்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அழவில்லை. "அப்ப நாந்தானுங்க" என்றது. யாரோ வழி சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற குரலில். தண்ணீர் வாங்கிக் குடித்தது, டம்ளரை ஒரு கையாலேயே குழாயடியில் கழுவி வைத்தது. "வர்றனுங்ணா. உங்களத் தொந்தரவு பண்ணீட்டேன்."

ஏப்ரல் 10, வியாழன்

கடை திறக்கவில்லை. ரேணுகா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டியைப் பத்தி நீங்களாச் சொல்லுவீங்கன்னு எட்டு நாளாப் பாக்கறேன்."

சொன்னேன். லைட்டை மட்டும் தனியாக அணைக்க முடியாது. இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் காவலையே எடுத்தால்தான் லைட் நிற்கும். காவல் போனால், நாற்பதில் பிடித்து வைக்கிற கட்டுப்பாடும் போகும், குறை பதிவாவதும் நின்றுபோகும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். மூன்று வாரம்தானே, பெடல் முழுசாகவா போய்விடும் என்று நினைத்தேன். எல்லோரும் செய்கிறோம். லைட்டை அணைத்துக் கொடு என்று வாரத்துக்கு ஒருவன் வருகிறான், அணைத்துக் கொடுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவள், "நாளைக்கே போயிச் சொல்லீருங்க" என்றாள். "உங்களைப் புடிச்சு உள்ள போட்டாலும் சரீங்க. அந்தப் புள்ளை சாகற வரைக்கும் அதை நெனச்சுட்டுக் கெடக்கும்."

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். மருதமலைக்குப் போகிற காவடிக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. ஸ்டேஷன் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. வேப்பமரத்தடி காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வண்டி செவ்வாக்கெழமையே போயிருச்சு. நீங்க எழுதின பழைய ஃபைல் இருக்கா?"

"அழிச்சுட்டேனுங்க."

"எப்ப?"

"ரிப்போர்ட் குடுத்த மறுநாள்."

பேனாவை மூடி வைத்தார். "உங்க ரிப்போர்ட்டை நீங்களே இப்ப பொய்யிங்கறீங்க. இதுதான் நெஜம்னு நான் எதை வெச்சு நம்பறது? அதுவும் போக, அந்தப் பொண்ணு நேத்து வந்து, தான்தான் மாத்தி மிதிச்சதா எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு."

எழுதிக் கொடுங்கள், வாங்கி ஃபைலில் வைக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஓட்டை போட்டுக் கோத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

உக்கடம் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். நாலாவது கடையில் சிவப்புத் தகடு கிடந்தது, மடித்த வேட்டி அளவுக்கு நசுக்கியிருந்தார்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டிதான். கடைக்காரரிடம் கேட்டேன். "அந்த மாதிரிப் பொட்டியெல்லாம் மூட்டை கட்டி வடக்கே அனுப்பியாச்சுங்ணா. ஒங்க பொட்டி எந்த மூட்டைலன்னு யாரு கண்டா?" பெடலும் இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் கிளறினேன், கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பொள்ளாச்சிக்குப் போனேன். பையில் இந்த டைரியும் அந்தப் பெட்டியும். அம்மாவும் மகளும்தான் வீட்டில். அந்தம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பெடலைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு சென்சாரையும் காட்டினேன். டைரியைப் பிரித்து மார்ச் 11-ஐக் கொடுத்தேன். ஒரு கையால் மடியில் வைத்துப் படித்தது. படிக்கும்போது நிகிலனுடைய பேச்சு வருகிற இடத்தில் நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது.

"லைட்டைத்தானுங்களே அணைச்சிருக்கீங்க."

"லைட்டை அணைச்சா அந்த நாப்பதும் சேந்து போயிரும் அம்மிணி."

"அது இதுல இல்லீங்களே."

பக்கத்தைப் புரட்டி மார்ச் 24-க்கு வந்தது. கடைசி வரிகளை விரலை வைத்துப் படித்தது. "வேறொன்று பார்த்தேன், எழுத வேண்டாம்னு போட்டிருக்கீங்க. என்ன பாத்தீங்கன்னு இல்லீங்களே."

சொன்னேன். திரையில் பார்த்த எண்ணையும் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நம்பிவிட்டது என்று நினைத்தேன். முகம் அப்படி இருந்தது. பிறகு டைரியை மூடி இரண்டு முறை தடவி என்னிடமே நீட்டியது.

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப இருக்கலாம்னீங்க. இப்ப இல்லீங்கறீங்க. எம்மேல பாவப்பட்டு வந்திருக்கீங்க, தெரியுதுங்ணா. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாங்க. நான் ஒத்துக்கிட்டதுக்கப்புறம் மாமா போன் பண்ணி, சாப்பிட்டியா கண்ணுன்னு கேட்டாரு. மறுபடி இல்லைன்னா அதும் போயிருமுங்க."

"அம்மிணி, உம்மேல தப்பே இல்ல."

"வீட்டுக்குள்ள நடக்கறப்பக்கூட இப்ப எந்தக் காலை எங்க வெக்கறேன்னு பாத்துப் பாத்துத்தான் வெக்கறனுங்க. என் காலை நானே நம்பறதில்லை. உங்கள எப்பிடீங்க நம்பறது?"

அந்தம்மா காபி ஆறிப்போச்சு, வேறு கொண்டுவரட்டுமா என்றார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்தது. மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் குனிந்து காலைப் பார்த்துத்தான் இறங்கியது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ரேணுகா மாங்காய்ப் பச்சடி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். இதை எழுதிவிட்டுப் போகிறேன். இந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் புதன்கிழமை அந்தப் பெண்ணின் வக்கீலிடம் கொடுக்கப் போகிறேன். இத்தனை நாள் கழித்து எழுதிய தேதியைப் பார்த்ததும் சிரிப்பார். கொடுப்பேன்.

மார்ச் 11 அன்று லைட்டோடு காவலையும் எடுத்தது நான். மார்ச் 24, காலை பதினொன்றரை மணி, ஸ்டேஷன் வேப்பமரத்தடி. சாவியைத் திருப்பி, லேப்டாப்பில் பெடல் கணக்கைத் திறந்தேன். திரையில் அறுபத்தொன்று என்று நின்றது. அறுபத்தொன்று என்றால் பாதிக்கு மேல் மிதித்திருக்கிறது என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். பெடல் மேல் என் கால் இல்லை, யார் காலும் இல்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், பூஜ்யத்துக்குப் போனது. விட்டேன், மறுபடி அறுபத்தொன்றுக்கு வந்தது. ஏட்டு அப்போது பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அந்தப் பெண் காலை எடுத்திருந்தாள்.